குக்கர் ஏன் விசிலடிக்கிறது?

"மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிடு, சரியா?"

இந்த வேலையை ஒருநாளாவது செய்யாத பிள்ளைகள் நம் ஊரில் குறைவுதான். அம்மா மொட்டை மாடியில் துணி உலர்த்துகிறார், அப்பா தண்ணீர் லாரியைப் பார்க்கப் போயிருக்கிறார், குக்கருக்குக் காவல் நீங்கள். முதல் விசிலுக்கே தூக்கிவாரிப் போடுகிறது. அடுத்ததை எண்ணுகிறீர்கள். மூன்றாவது வருவதற்குள் யாரோ கூப்பிட, வந்தது இரண்டா மூன்றா என்று குழப்பம்.

இந்தக் குழப்பம் தேவையே இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா? விசிலை எண்ணிச் சமைப்பது சரியான கணக்கே அல்ல. ஏன் என்று தெரிந்துகொள்ள, அந்தக் குக்கருக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. வீட்டுக்கு வாங்கும் பொருள்களில், கொடுத்த காசுக்கு மேல் உழைப்பது எது? எல்.இ.டி. பல்பு என்று சிலர் சொல்வார்கள், கொசுவலை என்று சிலர் சொல்வார்கள். இரண்டும் நல்ல பதில்கள். என் ஓட்டு குக்கருக்குத்தான். ஒரு மூன்று லிட்டர் அலுமினியக் குக்கரின் விலை 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டு, அதாவது 3,650 நாள் உழைத்தால், ஒரு நாளுக்கு 41 பைசாதான் ஆகிறது. அந்த 41 பைசாவுக்கு அது பருப்பை வேகவைத்து, நேரத்தையும் மிச்சம் பிடித்து, கேஸ் சிலிண்டரையும் கூடுதல் நாள் வரவைக்கிறது.

தண்ணீரின் பிடிவாதம்

திறந்த பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கினால் வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும். 100 டிகிரி செல்சியஸ் வந்ததும் தளதளவென்று கொதிக்கும். இப்போது அடுப்பை இன்னும் பெரிதாக எரியவிட்டால் தண்ணீர் 110 டிகிரிக்குப் போகுமா? போகாது. எவ்வளவு எரித்தாலும் 100-லேயே நின்றுவிடும்.

அப்படியானால் கூடுதலாக எரிந்த கேஸ் என்ன ஆனது? தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிட்டது. 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 290 கிலோஜூல் வெப்பம் போதும். அதே ஒரு லிட்டரையும் முழுக்க ஆவியாக்கிவிட வேண்டுமானால் மேலும் 2,260 கிலோஜூல் வேண்டும். கிட்டத்தட்ட எட்டு மடங்கு! திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகும்போது சமையலறைச் சுவரில் வியர்த்திருக்கிறதே, அதெல்லாம் நாம் காசு கொடுத்து வாங்கிய வெப்பம்.

சரி, அது ஏன் 100-ல் நிற்கிறது? தண்ணீருக்கு மேலே காற்று இருக்கிறது. அந்தக் காற்று, கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீதும் சுமார் ஒரு கிலோ எடையுடன் அழுத்துகிறது. தண்ணீருக்குள் உருவாகும் நீராவிக் குமிழி அந்த அழுத்தத்தைத் தாங்கி நின்றால்தான் மேலே வந்து வெடிக்க முடியும். அந்த வலு நீராவிக்கு 100 டிகிரியில்தான் கிடைக்கிறது.

அப்படியென்றால் காற்றின் அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதிக்க வேண்டும் அல்லவா? கொதிக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சீக்கிரம் கொதிப்பதால் சமையலும் சீக்கிரம் முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். நடப்பது நேர்மாறு. தண்ணீர் 93-க்கு மேல் சூடாகாது என்பதால் பருப்பு வேக இன்னும் அதிக நேரம் பிடிக்கும்.

பரிணாமக் கொள்கையைத் தந்த சார்லஸ் டார்வினுக்கு இந்த அனுபவம் உண்டு. 1835-ஆம் ஆண்டு தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையை அவர் கடந்தபோது, உயரமான ஓரிடத்தில் இரவு தங்கினார்கள். உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றினார்கள். இரவு முழுவதும் அடுப்பிலேயே இருந்தது. காலையில் மறுபடியும் கொதிக்கவைத்தார்கள். கிழங்கு வேகவில்லை! அவருடன் வந்த வழித்துணைக்காரர்கள் கூடிப் பேசி, பாத்திரம் புதிது, அதற்குக் கிழங்கை வேகவைக்க மனமில்லை என்று முடிவு கட்டினார்களாம். டார்வினுக்கு உண்மைக் காரணம் தெரியும். குற்றம் பாத்திரத்தின் மீது இல்லை, மலை உயரத்தின் மீது.

அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறைகிறது. அப்படியானால் அழுத்தத்தைக் கூட்டினால்? இந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலையும் செய்துகாட்டியவர் டெனி பப்பான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி.

எலும்பை வேகவைத்தவர்

பப்பான் 1647-இல் பிரான்ஸில் பிறந்தவர். பாரிஸில் ஹைகன்ஸ், லண்டனில் ராபர்ட் பாயில் என்ற பெரிய விஞ்ஞானிகளுடன் வேலை செய்தவர். 1679-இல் அவர் கெட்டியான இரும்புப் பாத்திரம் ஒன்றைச் செய்து, காற்றுப் புகாதபடி மூடியை இறுக்கி மூடினார். உள்ளே உண்டாகும் நீராவி வெளியேற வழியில்லை. அது தண்ணீரை மேலிருந்து அழுத்தியது. தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிச் சூடானது. தூக்கி எறியும் எலும்பையும் மென்மையாக்கி உணவாக்கிவிடலாம் என்பது அவருடைய எண்ணம்.

1682-ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டி விஞ்ஞானிகளுக்கு இந்தப் பாத்திரத்தில் சமைத்த விருந்தே நடந்தது. அதில் சாப்பிட்ட எழுத்தாளர் ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் வியந்து எழுதியிருக்கிறார். மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் கடித்துத் தின்னும் அளவுக்கு மெத்தென்று ஆகிவிட்டிருந்தன. அதற்குச் செலவான கரி 8 அவுன்ஸுக்கும் குறைவு. அதாவது கால் கிலோகூட இல்லை.

ஆனால் பப்பானின் பெரிய சாதனை எலும்பு அல்ல என்பது என் கருத்து. மூடிய பாத்திரத்தில் அழுத்தம் அளவுக்கு மீறினால் பாத்திரம் வெடித்துவிடும் என்பதை அவர் உணர்ந்தார். அதனால் மூடியில் ஒரு சிறு துளை போட்டு, அதை எடை கட்டிய நெம்புகோலால் மூடினார். அழுத்தம் எல்லை மீறினால் எடை தானே உயரும், நீராவி வெளியேறும், அழுத்தம் குறைந்ததும் எடை தானே அமரும். உலகின் முதல் பாதுகாப்பு வால்வுகளில் ஒன்று அது. நம் குக்கர் மூடியின் மேல் குந்தியிருக்கும் வெயிட் இன்றும் அதே வேலையைத்தான் செய்கிறது.

இந்தியாவில் 1950-களின் இறுதியில் குக்கர் தயாரிப்பு தொடங்கியது. இன்று நம் ஓசூரிலும் குக்கர் தொழிற்சாலை இருக்கிறது.

70 கிராம் செய்யும் வேலை

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டுக் குக்கர், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் மேலாக, சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ கூடுதல் அழுத்தம் வரும்படி செய்யப்பட்டது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிப்பது சுமார் 121 டிகிரியில்.

மூடியின் விட்டம் 20 சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஆரம் 10. பரப்பு 3.14 × 10 × 10, அதாவது 314 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஒரு கிலோ விசை மேல்நோக்கித் தள்ளுகிறது. மொத்தம் 314 கிலோ! ஐந்து பெரியவர்கள் சேர்ந்து ஏறி நின்றால் வரும் எடை. அவ்வளவு விசையைத்தான் குக்கர் விளிம்பும் மூடியின் பற்களும் தினமும் தாங்குகின்றன.

இப்போது வெயிட்டுக்கு வருவோம். அதற்குக் கீழே இருக்கும் துளையின் விட்டம் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன் பரப்பு சுமார் 0.07 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் நீராவி தள்ளும் விசை 70 கிராம்தான். ஆகவே 70 கிராம் எடையுள்ள ஒரு சிறு உலோகத் துண்டு போதும், அந்தத் துளையை மூடி வைக்க! உள்ளே அழுத்தம் ஒரு கிலோவைத் தாண்டியதும் அந்தத் துண்டு தூக்கப்படுகிறது. நீராவி குறுகலான வழியில் சீறிப் பாய்கிறது. அந்தச் சீறல்தான் விசில். அழுத்தம் சற்று இறங்கியதும் வெயிட் மறுபடி உட்கார்ந்துகொள்கிறது.

ஒரு கம்பெனி குக்கரின் வெயிட்டை இன்னொரு கம்பெனி குக்கரில் போடக்கூடாது என்று கடைக்காரர் சொல்வது ஏன் என்று இப்போது புரிகிறதா? துளையின் அளவு மாறினால் தேவையான எடையும் மாறும். கனமான வெயிட்டை மாட்டினால் உள்ளே அழுத்தம் எல்லையைத் தாண்டிய பிறகும் அது மேலெழாது. வெயிட் ஆடுகிறதே என்று அதன் மேல் கரண்டியையோ துணியையோ வைத்து அமுக்குவதும் இதே ஆபத்துதான்.

வேறு இரண்டு விஷயங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குக்கரிலிருந்து நீராவி நன்றாக வெளிவந்த பிறகுதான் வெயிட்டைப் போட வேண்டும் என்று சில வீடுகளில் சொல்வார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. உள்ளே காற்று தங்கிவிட்டால் அழுத்தத்தில் ஒரு பங்கு காற்றினுடையது ஆகிவிடும். விசில் வந்தாலும் சூடு 121 டிகிரியை எட்டாது. துளை அடைபடாமல் இருக்கிறது என்பதும் அப்போது தெரிந்துவிடும். மற்றொன்று, ஊட்டியில் குக்கர் வைத்தால் உள்ளே சுமார் 116 டிகிரி வரும். வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே குறைவு அல்லவா? திறந்த பாத்திரத்தின் 93 டிகிரியோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரிய உதவி! டார்வினிடம் ஒரு குக்கர் இருந்திருந்தால் அன்றிரவு கிழங்கு கிடைத்திருக்கும்.

விசிலா, நிமிடமா?

பருப்புக்குள் என்ன நடக்கிறது? பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பசைப் பொருளுக்கு பெக்டின் என்று பெயர். சூட்டில் அது கரைய வேண்டும். உள்ளே இருக்கும் மாவுச்சத்துத் துகள்கள் தண்ணீரை உறிஞ்சிப் பருக்க வேண்டும். இவை நடக்க நேரமும் சூடும் தேவை. பொதுவாக 10 டிகிரி கூடினால் இதுபோன்ற மாற்றங்களின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. 20 டிகிரி கூடினால் நான்கு மடங்கு. 100-க்கும் 121-க்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

புளியைப் பருப்போடு சேர்த்து வேகவிடாதே என்று பாட்டி சொல்வார் அல்லவா? புளியின் அமிலம் பெக்டினைக் கரையவிடாது. உப்புத் தண்ணீர் வரும் போர்வெல் வீடுகளில் பருப்பு வேக அடம்பிடிப்பதற்கும் பெக்டின்தான் காரணம். அந்தத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் பெக்டினை இன்னும் இறுக்கிவிடுகிறது. பாட்டியின் சொல் நல்ல வேதியியல்.

கவனியுங்கள், பருப்பு வேகத் தேவை சூடும் நேரமும். இந்தப் பட்டியலில் விசில் இல்லை. விசில் என்பது, "அழுத்தம் எல்லைக்கு வந்துவிட்டது, மிச்சத்தை வெளியே விடுகிறேன்" என்ற தகவல் மட்டும்தான். அடுப்பைப் பெரிதாக எரித்தால் நாலு நிமிடத்தில் மூன்று விசில் வரும். முதல் விசிலுக்குப் பிறகு சிறிதாக எரித்தால் பத்து நிமிடத்துக்கு ஒன்றுகூட வராமல் போகலாம். இரண்டிலும் உள்ளே சூடு ஏறக்குறைய ஒன்றுதான். முதல் வீட்டில் மூன்று விசிலுக்குப் பருப்பு நறுக்கென்று இருக்கும். அடுத்த வீட்டில் ஒரே விசிலில் குழைந்துவிடும்.

அதனால் இப்படிச் செய்து பாருங்கள். வீட்டில் பெரியவர் யாராவது அடுப்பைக் கவனிக்கட்டும், நீங்கள் கடிகாரத்தையும் நோட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் விசில் வந்ததும் அடுப்பை சிம்மில் வைக்கச் சொல்லுங்கள். அந்த நொடியிலிருந்து நிமிடத்தை எண்ணுங்கள். அரை மணி நேரம் ஊறிய துவரம்பருப்புக்கு இன்று ஐந்து நிமிடம், நாளை ஏழு நிமிடம், மறுநாள் ஒன்பது நிமிடம். பருப்பும் தண்ணீரும் ஒவ்வொரு நாளும் ஒரே அளவாக இருக்க வேண்டும். எந்த நாள் பருப்பு சாம்பாருக்குச் சரியாக மசிந்தது என்று எழுதிவையுங்கள். சில நாளில் உங்கள் வீட்டுக் குக்கருக்கான நிமிடக் கணக்கு உங்கள் கையில் இருக்கும். ராத்திரி ஊறவைத்த கொண்டைக்கடலைக்கும் மொச்சைக்கும் தனித்தனிப் பக்கம் போடுங்கள். இது முழுமையான அறிவியல் சோதனை. ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாற்றாமல் வைத்து, முடிவைக் குறித்துக்கொள்வதுதானே சோதனை?

கேஸும் மிச்சமாகும். ஒவ்வொரு விசிலிலும் வெளியேறுவது தண்ணீரை ஆவியாக்கச் செலவிட்ட வெப்பம். அந்த எட்டு மடங்குக் கணக்கு நினைவிருக்கிறதா? குக்கருக்குள் சாதம், பருப்பு, காய் என்று அடுக்கடுக்காக வைத்தால் ஒரே அடுப்புச் சூட்டில் மூன்றும் வெந்துவிடும். அது இன்னொரு மிச்சம்.

121 என்ற எண்ணை இன்னோர் இடத்திலும் பார்க்கலாம். மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கிருமி நீக்கம் செய்யும் ஆட்டோகிளேவ் என்ற இயந்திரமும் 121 டிகிரியில்தான் வழக்கமாக வேலை செய்கிறது. கொதிக்கும் தண்ணீரில்கூடப் பிழைத்துக்கிடக்கும் பாக்டீரியா வித்துகள் இந்தச் சூட்டில் 15 நிமிடத்தில் அழிந்துவிடுகின்றன. லூயி பாஸ்டருடன் பணிபுரிந்த சார்லஸ் சேம்பர்லேண்ட் 1879-இல் அதை உருவாக்கினார். பப்பானின் பாத்திரம்தான் அதற்கு வழிகாட்டி.

நூறு ரூபாய்ச் சாமான்கள்

குக்கர் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2347 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக் குக்கருக்கான இந்தியத் தர நிர்ணயம் அது. 2020-இல் மத்திய அரசு இதைக் கட்டாயமாக்கி ஆணை பிறப்பித்தது. விலை மலிவு என்று முத்திரை இல்லாத குக்கரை வாங்குவது கூடவே கூடாது. 314 கிலோ விசையைத் தாங்க வேண்டிய பாத்திரம் அது.

பெரும்பாலான வீடுகளில் குக்கர் ஏற்கெனவே இருக்கும். அங்கே வாங்க வேண்டியது உதிரிபாகங்கள். இதில்தான் பலரும் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். கேஸ்கட் என்ற ரப்பர் வளையத்தை எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல கேஸ்கட் மெத்தென்று வளைந்து, விட்டதும் பழைய வடிவத்துக்கு வரும். மாதக்கணக்கில் சூட்டிலேயே கிடந்த கேஸ்கட் விறைத்து, ஓரத்தில் மெல்லிய வெடிப்பு விட்டிருக்கும். அந்த வெடிப்பு வழியே நீராவி கசியும். விசில் வராது, மூடி ஓரத்தில் தண்ணீர் வழியும், அடுப்பு வீணாக எரியும். புதுக் கேஸ்கட் நூறு ரூபாய் அளவில் கிடைக்கும். வீணாகும் கேஸோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

அடுத்தது சேஃப்டி வால்வு. மூடியில் சிறு திருகாணி மாதிரி இருக்கும். அதன் நடுவில் சீக்கிரம் உருகும் ஓர் உலோகக் கலவையை அடைத்திருப்பார்கள். தண்ணீர் வற்றிப்போனாலோ, வெயிட் துளை அடைபட்டுப் போனாலோ உள்ளே சூடு எல்லை மீறும். அப்போது அந்தக் கலவை உருகி வழிவிடும். ஒருமுறை உருகிய வால்வை மறுபடி பயன்படுத்தக் கூடாது. சோப்புக் கட்டி, மைதா மாவு, வேறு எதையாவது வைத்து ஓட்டையை அடைப்பதும், பொருந்தாத வால்வைத் திணிப்பதும் உயிரோடு விளையாடுவது. அதே கம்பெனியின் அதே மாடலுக்கான வால்வையே கேட்டு வாங்க வேண்டும்.

பருப்பு வேகும்போது நுரைக்கும். அதனால் பருப்பு வைக்கும்போது குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரை ஏறித் துளையில் ஒட்டிக் காய்ந்துவிட்டால் வெயிட் வேலை செய்யாது.

கடைசியாக, மிகவும் முக்கியமான ஒன்று. குக்கரை அடுப்பிலிருந்து இறக்கியவுடன் வலுக்கட்டாயமாகத் திறந்தால் என்ன ஆகும்? உள்ளே இருப்பது 121 டிகிரித் தண்ணீர். மூடி திறந்ததும் அழுத்தம் போய்விடும். 100 டிகிரிக்கு மேல் அந்தத் தண்ணீரால் தண்ணீராக இருக்க முடியாது. ஒரு லிட்டர் தண்ணீர் இருந்தால் அதில் சுமார் 40 மில்லிலிட்டர் கண்ணிமைப்பதற்குள் ஆவியாகும். ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1,670 மில்லிலிட்டர் நீராவியாக விரியும். ஆக, 60 லிட்டருக்கு மேல் நீராவி, கொதிக்கும் பருப்பையும் வாரிக்கொண்டு முகத்தில் அடிக்கும். வெயிட்டைத் தூக்கினால் சத்தமே வராது என்ற நிலை வரும் வரை, மூடியை யாரும் தொடக் கூடாது. பெரியவர்களுக்கும் இது பொருந்தும். அவசரத்தில் மறந்துவிடுகிறார்கள் என்றால், நினைவூட்ட வேண்டியவர் நீங்கள்தான்.

இன்று மாலை, குக்கர் நன்றாக ஆறிக் கழுவிவைத்திருக்கும்போது, வீட்டுப் பெரியவர் ஒருவருடன் மூடியைக் கையில் எடுங்கள். வெயிட்டைக் கழற்றி, துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் ஊசியோ மெல்லிய கம்பியோ விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கேஸ்கட்டை வளைத்துப் பாருங்கள். சேஃப்டி வால்வு ஒரிஜினல்தானா என்று கேளுங்கள். ஏதாவது சரியில்லை என்றால், குக்கரின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி, அடுத்தமுறை கடைக்குப் போகிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.